சிறைச் சுவருக்கு வெளியே

"ஊசி வாங்கலையா ஊசி! கொக்கி வாங்கலையா கொக்கி!"

கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. ரோமானியச் சிறை ஒன்றின் ஜன்னலுக்குக் கீழே ஒருவர் இப்படிக் கூவிக்கொண்டே நடக்கிறார். நடுவில், அதே ராகத்தில், வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியும் வருகிறது. பிள்ளையில்லாத விதவையைக் கணவனின் சகோதரனை மணக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் சடங்கைத் தனியாக, யாரும் இல்லாமல் செய்துவிட்டால் அது செல்லுமா? உள்ளே இருப்பவர் யூத மத குருவான ரபி அகிவா. யூத வேதமான தோராவைக் கற்பிக்கக் கூடாது என்ற ரோமானிய ஆணையை மீறிப் பிடிபட்டவர். கூவுகிறவர் அவருடைய சீடர் யோஹனான், செருப்புத் தைக்கிறவர். அகிவா ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். "உன்னிடம் நூற்கிற கதிர் இருக்கிறதா?" என்று கேட்கிறார். கதிருக்கான சொல்லை ஒட்டியே ஒலிக்கும் இன்னொரு சொல்லையும் சேர்த்துவிடுகிறார்: "காஷேர்". செல்லும் என்று பொருள். காவலன் காதில் விழுந்தது பேரம். சீடனுக்கு வந்த காரியம் முடிந்தது.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான ஜெருசலேம் தல்மூதில் உள்ள இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. குரு உள்ளே, சீடர்கள் சுவருக்கு வெளியே என்ற படம் யூத நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. யோசேப்பு எகிப்தில் சிறையிருந்தார். தீர்க்கதரிசி எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். அகிவாவை ரோமானியர்கள் கொன்றார்கள். பிற்காலத்தில் எந்த ரபியைப் போலீஸ் பிடித்துப் போனாலும், அவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு அந்தச் செய்தி புதிதாக வருவதில்லை. ஏற்கெனவே மனப்பாடமான ஒரு கதையின் அடுத்த அத்தியாயமாகத்தான் வருகிறது.

2020 பிப்ரவரியில் ஜெருசலேமில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எலியேசர் பெர்லாண்ட் என்ற 82 வயது ரபியை இஸ்ரேலியப் போலீஸ் கைது செய்தது. தீராத நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பிரார்த்தனைக்கென்று பெரும் தொகை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார் என்பது குற்றச்சாட்டு. குணமாக்கும் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரைகள் சாதாரண வலிநிவாரணியும் புதினா மிட்டாயும்தான் என்றது போலீஸ். நீதிமன்றத்துக்கு வெளியே கருப்புக் கோட்டும் தொப்பியுமாக அவருடைய ஆட்கள் கூடினார்கள். அவரை எதிர்ப்பவர்களும் வந்தார்கள். தள்ளுமுள்ளு நடந்தது. பெர்லாண்டின் ஆட்களுக்கு இது பழகிய வேலையும்கூட. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் தென்னாப்பிரிக்காவில் பிடிபட்டபோது, இஸ்ரேலிலிருந்து விமானம் ஏறிப் போய் அங்கே நின்றவர்கள் அவர்கள்.

செய்தியில் இதைப் பார்ப்பவருக்கு உடனே தோன்றும் கேள்வி, 'இத்தனைக்குப் பிறகும் இவர்களுக்குக் கண் திறக்கவில்லையா?' என்பதுதான். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அவர்களில் பலர் படித்தவர்கள், குடும்பஸ்தர்கள், வருஷக்கணக்கில் வேத நூல்களோடு உட்கார்ந்தவர்கள். அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை.

பெர்லாண்ட் 1937-இல் ஹைஃபாவில் பிறந்தவர். ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தில் பிரெஸ்லோவ் பிரிவைச் சேர்ந்தவர். ஜெருசலேம் பழைய நகரத்துக்குள், முஸ்லிம் பகுதியில் உள்ள 'ஷூவு பனிம்' என்ற மதப் பள்ளியை நிறுவியவர். 'பிள்ளைகளே, திரும்பி வாருங்கள்' என்பது அந்தப் பெயரின் பொருள். மத வாழ்க்கையை விட்டு வெகுதூரம் போய்விட்ட இளைஞர்களைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தது அந்தப் பள்ளியின் அடையாளம். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடும்பத்தோடும் பழைய நண்பர்களோடும் பிணங்கி, பெயர், உடை, உணவு என்று எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு ஒருவன் புது வாழ்க்கைக்கு வருகிறான். அந்த வாழ்க்கைக்கு வாசல் திறந்துவிட்டவர் இந்த ரபி. நாளைக்கு அவரைப் பற்றி ஒரு வழக்கு வந்தால் அவன் இழக்கப்போவது ஒரு மனிதர்மேல் வைத்த மரியாதையை மட்டுமா? தன் 20 வருஷத்தையும் சேர்த்துத்தான்.

பெண் அடியார்கள் பாலியல் புகார் கொடுத்ததை ஒட்டி அவர் இஸ்ரேலை விட்டு வெளியேறினார். மொராக்கோ, ஜிம்பாப்வே, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஊர் ஊராகப் போனார். குடும்பம் குடும்பமாக அடியார்கள் பின்னாலேயே போனார்கள். குழந்தைகள், பாத்திரம் பண்டம், தோராச் சுருள் எல்லாமே கூடப் பயணம் செய்தன. 2016-இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் இரண்டு பாலியல் அத்துமீறல் குற்றங்களையும் ஒரு தாக்குதல் குற்றத்தையும் சமரச உடன்பாட்டின்படி ஒப்புக்கொண்டார். 18 மாதச் சிறைத் தண்டனை. 2017-இல் வெளியே வந்தார். அப்புறம் 2020 மோசடி வழக்கு. 2021-இல் அதையும் ஒப்புக்கொண்டார். மறுபடியும் 18 மாதம்.

ஒப்புக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு தவறு, சாட்சி பொய் என்று சொல்லிப் பார்க்கலாம். குருவே தன் வாயால் சொன்னதை என்ன செய்வது? இங்கேதான் பிரெஸ்லோவ் மரபு கைகொடுக்கிறது.

ஹசிதிய இயக்கம் 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்தது. அதன் மையத்தில் இருப்பவர் 'சாதிக்', அதாவது நீதிமான். சாதாரண மனிதனின் பிரார்த்தனை பாதியில் நின்றுவிடலாம். நீதிமான் அதை எடுத்து மேலே சேர்ப்பார். நீதிமான் ஆணையிட்டால் கடவுள் நிறைவேற்றுகிறார் என்ற எண்ணம் தல்மூத் காலத்திலேயே உண்டு. ஹசிதிய சமூகங்களில் அது ஒரு நடைமுறையாகவே ஆனது. கஷ்டத்தில் இருப்பவர் ஒரு துண்டுச் சீட்டில் தன் பெயரையும் தாயின் பெயரையும் எழுதுவார். இன்னாளின் மகன் இன்னான், இன்ன நோய். தந்தை பெயர் கிடையாது. சீட்டோடு கொஞ்சம் பணமும் வைத்து ரெபேயிடம், அதாவது தன் பிரிவின் குருவிடம், கொடுப்பார். சீட்டுக்குப் பெயர் 'குவிட்ல்'. பணத்துக்குப் பெயர் 'பித்யோன்', மீட்புப் பணம். அந்தப் பணத்தில்தான் ரெபேயின் வீட்டில் உலை கொதிக்கும், ஏழைக்குக் கல்யாணம் நடக்கும், விதவைக்கு மாவு போகும். 200 ஆண்டுக்கு மேலான பழக்கம் இது. பெரும்பாலான இடங்களில் நேர்மையாகவே நடக்கிற பழக்கமும்கூட. 2020 வழக்கில் ஏமாந்தவர்கள் விசித்திரமான எதையும் செய்துவிடவில்லை. அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் செய்ததைத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் நீட்டிய சீட்டுக்கு விலைப்பட்டியல் மாதிரி ஒரு தொகை சொல்லப்பட்டது. நடக்க முடியாத பிள்ளை நடக்கும், இறந்தவர் எழுந்து வருவார் என்று வாக்குறுதியும் தரப்பட்டது.

பிரெஸ்லோவ் பிரிவின் மூலகுரு ரபி நஹ்மான் 1810-இல் 38 வயதில் இறந்தார். உக்ரைனில் ஊமான் என்ற ஊரில் அவர் சமாதி இருக்கிறது. யூதப் புத்தாண்டுக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அங்கே போகிறார்கள். அவருக்குப் பிறகு அந்தப் பிரிவு வேறு யாரையும் ரெபே ஆக்கவில்லை. உயிரோடு இருக்கும் தலைவர் இல்லாத ஹசிதியப் பிரிவு என்பதே அதன் தனித்தன்மை. அதனால்தான் பெர்லாண்டைச் சுற்றி உருவான கூட்டத்தை பிரெஸ்லோவ்காரர்களிலேயே பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

நஹ்மான் வாழ்நாள் முழுக்கச் சக ரபிகளின் எதிர்ப்பைச் சந்தித்தவர். உண்மையான நீதிமானைச் சுற்றிச் சர்ச்சை இருந்தே தீரும் என்று போதித்தார். தன்னை இழிவுபடுத்துவதைக் கேட்டும் வாய் திறக்காமல் இருப்பதே மனந்திரும்புதலின் தொடக்கம் என்றும் போதித்தார். இரண்டுமே அழகான போதனைகள். அவமானப்பட்ட எத்தனையோ எளிய மனிதர்களை அவை தூக்கி நிறுத்தியிருக்கின்றன. ஆனால் இவற்றை ஒரு குற்றவியல் வழக்கின்மேல் வைத்துப் பாருங்கள். புகார் வந்ததா? நீதிமான் என்றால் சர்ச்சை வரத்தான் செய்யும். ஒப்புக்கொண்டாரா? மக்களின் பாவத்துக்குப் பரிகாரமாக இழிவைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். சிறைக்குப் போனாரா? நம் தலைக்கு வந்ததைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். அடியார்கள் பலர் சொன்னது இதுதான். எந்தச் செய்தி வந்தாலும் நம்பிக்கைக்கு வலு சேர்க்கும் சாட்சியாக அது மாறிவிடுகிறது. நம்பிக்கை உடைவதற்கு ஒரு விரிசல்கூட மிச்சமில்லை.

இதற்கும் மேலே, ஹசிதிய நாட்காட்டியிலேயே சிறை ஒரு பண்டிகையாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கதை 1798-இல் தொடங்குகிறது. ஹபாத் பிரிவை நிறுவிய ரபி ஷ்னேயூர் சல்மானை ரஷ்யப் பேரரசு கைது செய்து பீட்டர்ஸ்பர்க் கோட்டையில் அடைத்தது. 2008 மும்பைத் தாக்குதலில் இலக்கான நாரிமன் இல்லம் ஹபாத்தின் மையம்தான் என்று சொன்னால் நம் வாசகர்களுக்குப் பிடிபடும். அன்றைக்குப் பாலஸ்தீனம் துருக்கிய ஆட்சியில் இருந்தது. அங்கே வாழ்ந்த ஏழை ஹசிதியர்களுக்கு அவர் தர்மப் பணம் அனுப்பி வந்தார். எதிரி நாட்டுக்குப் பணம் அனுப்புகிறார், புது மதம் பரப்புகிறார் என்று எழுதிக் கொடுத்தவர்கள் வேறு யாருமில்லை, ஹசிதிய இயக்கத்தை வெறுத்த யூதர்களே. 53 நாள் உள்ளே இருந்தார். அவருடைய 'தன்யா' நூலின் முதல் பாகத்துக்கும் 53 அத்தியாயம் என்று ஹபாத்காரர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 19-ஆம் நாள் விடுதலைச் செய்தி வந்தது. அப்போது அவர் சங்கீதம் என்ற வேதத் துதிப் பாடல்களில் 55-ஆவதைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது மரபு. 'என் ஆத்துமாவைச் சமாதானத்துடன் மீட்டார்' என்ற வரியில் இருந்தாராம். அந்த நாள் இன்றும் ஹபாத்துக்குத் திருநாள். ஹசிதிய ஞானத்தின் புத்தாண்டு என்றே அதைச் சொல்கிறார்கள்.

விடுதலையானதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தன் ஆட்களுக்குக் கடிதம் எழுதியது. ஜெயித்துவிட்டோம் என்று எதிராளிகளிடம் தலை நிமிர்த்தாதீர்கள், கேலி பேசாதீர்கள், பழி தீர்க்காதீர்கள் என்று அதில் கண்டித்துச் சொன்னார். 'நான் எவ்வளவேனும் பாத்திரன் அல்ல' என்று யாக்கோபு சொன்ன வார்த்தையில்தான் கடிதம் தொடங்குகிறது. பண்டிகை நாளில் பாட்டும் மதுவும் நினைவுக்கு வருகிற அளவுக்கு இந்தக் கடிதமும் நினைவுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்தது 1927. லெனின்கிராட், மோகோவாயா தெரு. ஜூன் 15 பிறந்து சில நிமிடம் ஆகியிருந்த நள்ளிரவில், சோவியத் ரகசியப் போலீஸ் ஹபாத்தின் ஆறாவது தலைவரான லுபாவிச் ரெபே யோசெஃப் யிட்ஸ்ஹாக்கின் வீட்டுக்கு வந்தது. அவர் செய்த குற்றம் யாருக்கும் தெரியாததல்ல. மதக் கல்வி தடைசெய்யப்பட்ட நாட்டில், நிலவறைகளிலும் பின்னறைகளிலும் குழந்தைகளுக்கு எழுத்தும் தோராவும் சொல்லிக் கொடுக்கும் ஒரு வலையை ஊர் ஊராகக் கட்டி நடத்தினார். சோதனை நடந்துகொண்டிருந்தபோது அவர் மகள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இளைஞர் வந்துகொண்டிருந்தார். "ஷ்னேயர்சோன், நம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்!" என்று குரல் கொடுத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. மேலே வராமல் செயலாளர் வீட்டுக்கு ஓடிப்போய் எச்சரித்தார். பிடிபட்டால் பலரைக் காட்டிக்கொடுத்திருக்கும் காகிதங்கள் நெருப்புக்குப் போயின. அந்த இளைஞர்தான் பின்னாளில் ஏழாவது ரெபே ஆனார்.

கைது செய்ய வந்த அதிகாரிகளும் யூதர்கள்தான், கம்யூனிஸ்ட் கட்சியின் யூதப் பிரிவு ஆட்கள். அவர்களில் ஒருவர் ஹபாத் குடும்பத்தில் பிறந்தவர். ரெபேயின் பையைத் தூக்கிக்கொள்ள அவர் கை நீட்டினாராம். "என் தாத்தா உங்கள் தாத்தாவின் பையைச் சுமந்தார், நான் உங்களுடையதைச் சுமக்கிறேன்." ரெபே பையைத் தரவில்லை. உன் தாத்தா சுமந்தது என் தாத்தா போக நினைத்த இடத்துக்கு, நீ சுமக்க நினைப்பது நீ போகச் சொல்லும் இடத்துக்கு என்றாராம். ஹபாத் கூட்டங்களில் ஒவ்வொரு ஆண்டும் இதைச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

இன்றைக்கு நாம் ஆதரவுக் கூட்டம் என்று சொல்வது அன்றைக்கு லெனின்கிராட் தெருவில் சாத்தியமே இல்லை. கூடினால் கூடியவர்களும் உள்ளே போவார்கள். அடியார்கள் உபவாசம் இருந்தார்கள், சங்கீதம் ஓதினார்கள், அப்புறம் தெரிந்த ஒவ்வொரு கதவையும் தட்டினார்கள். மாக்சிம் கார்க்கியின் முதல் மனைவி யெக்காதெரினா பெஷ்கோவா அரசியல் கைதிகளுக்கான உதவி அமைப்பை நடத்தி வந்தார். அவர் இறங்கி வேலை செய்தார். ஜெர்மனியில் ரபி லியோ பேக் போன்றவர்கள் தங்கள் அரசு வழியாக அழுத்தம் கொடுத்தார்கள். லாட்வியாவில் மோர்தெகாய் டூபின் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தலையிட்டார். மரண தண்டனை என்று தொடங்கியது பத்தாண்டு சொலோவ்கி முகாம் என்று குறைந்து, கடைசியில் கோஸ்த்ரோமா ஊருக்கு மூன்றாண்டு நாடுகடத்தல் என்று வந்து நின்றதாக ஹபாத் வரலாறு சொல்கிறது. வியாழக்கிழமையே கிளம்பலாம் என்றபோது, வழியில் ஓய்வுநாள் வந்துவிடும், ஓய்வுநாளில் பயணம் செய்ய மாட்டேன் என்று சொல்லி ஞாயிறுவரை சிறையிலேயே இருந்தாராம்.

ஜூலை 3. ரயில் நிலையத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ரகசியப் போலீஸ் எல்லோரையும் குறித்துக்கொள்ளும் என்று தெரிந்தே வந்தவர்கள் அவர்கள். நம் உடலைத்தான் நாடுகடத்த முடியும், நம் ஆத்துமாவை எந்த அரசும் நாடுகடத்த முடியாது என்ற பொருளில் அங்கே பேசினார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள் என்பதுதான் அவர்களிடம் அவருக்கு இருந்த கோரிக்கை. ஒன்பது நாள் கழித்து, தமூஸ் மாதம் 12-ஆம் நாள், அவருடைய பிறந்தநாளன்றே, விடுதலை என்ற செய்தி கோஸ்த்ரோமா அலுவலகத்தில் காத்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் லாட்வியாவின் ரிகாவுக்குப் போய்விட்டார். தமூஸ் 12-உம் 13-உம் ஹபாத்துக்குத் திருநாட்கள். அன்று மீட்கப்பட்டது நான் மட்டுமில்லை, யூதன் என்ற பெயர் உள்ள எல்லோரும்தான் என்று அடுத்த ஆண்டு அவர் கடிதம் எழுதினார்.

இப்படிப்பட்ட நாட்களைக் கொண்டாடி வளர்ந்த ஒரு சமூகத்துக்குப் போலீஸ் வண்டி எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றில் புகார் கொடுத்தவர்கள் யூதர்கள், இன்னொன்றில் கைது செய்தவர்கள் யூதர்கள். இரண்டிலும் சிறைதான் பெருமை. புகார் சொன்னவன்தான் வில்லன்.

இந்தக் கடைசி விஷயம்தான் மிகவும் ஆபத்தானது. யூதனை அந்நிய அரசிடம் காட்டிக்கொடுப்பதற்கு யூதச் சட்டத்தில் 'மெசிரா' என்று பெயர். கொடிய பாவம். ஜார் காலத்தில் அதற்குத் தெளிவான நியாயம் இருந்தது. ஒரு மொட்டைக் கடிதம் ஒரு ஊரையே அழித்துவிடும். ஆனால் ஒரு பெண் தன்மேல் கை வைத்த ரபியைப் பற்றிப் போலீஸ் நிலையத்துக்குப் போகிறாள். அவளுக்கும் அதே பெயரை வைத்துவிடுகிறார்கள். 1798-இல் பொய்ப் புகார் கொடுத்தவன் நிற்கிற கூண்டில் அவளையும் நிறுத்துகிறார்கள். பழைய கதையில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரே இடம்தான் உண்டு, அதில் ரெபே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.

அவளும் அடியாள்தான். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன். நீதிமன்ற வாசலில் நிற்கிற கூட்டத்தைக் காட்டி 'அவருடைய ஆட்கள்' என்று செய்தி எழுதுகிறோம். அவரை நம்பி வீட்டு வாசல் ஏறிய பெண்கள் யாருடைய ஆட்கள்? மகன் நடந்துவிடுவான் என்று கடன் வாங்கிப் பணத்தை எடுத்துப்போன குடும்பம் யாருடையது? எல்லோருமே கையில் சீட்டோடு வந்தவர்கள்தான். தாயின் பெயரைப் போட்டு எழுதிய சீட்டு. அவர்களுக்காக வாசலில் யாரும் சங்கீதம் ஓதவில்லை.

கடும் ஆசாரம் காக்கும் ஹரேதி யூதர்களின் மூத்த ரபிகள் பலர் பெர்லாண்டை விட்டு விலகியிருக்கும்படி வெளிப்படையாகவே சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆகவே 'மதம் இப்படித்தான்' என்று மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. அதே நூல்களைப் படித்தவர்கள்தான் அதே நூல்களைக் காட்டி மறுத்தார்கள்.

அடியார்கள் கூட்டம் அரசியல் பலமாக மாறுவதும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஸ்ரேலின் ஷாஸ் என்ற மதக் கட்சியின் தலைவர் ஆர்யே டெரி லஞ்ச வழக்கில் 1999-இல் தண்டிக்கப்பட்டார். 'அவர் நிரபராதி' என்ற முழக்கத்தோடு தேர்தலைச் சந்தித்த ஷாஸ் அந்த ஆண்டு 17 இடங்களைப் பிடித்தது. 2000 செப்டம்பரில் அவர் ராம்லேயில் உள்ள மாசியாஹு சிறைக்குப் போனபோது பல்லாயிரம் பேர் வழியனுப்ப வந்தார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்து இஸ்ரேலில் இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட யூதர்களின் நெடுநாள் வலி அந்தக் கூட்டத்தில் இருந்தது. அந்த வலி உண்மை. அந்த லஞ்சமும் உண்மை.

சிறைக்கு வெளியே கூடிய கூட்டங்களிலேயே மிகப் பெரியது 1666-இல் கூடியது. ஸ்மிர்னாவில் பிறந்த ஷபத்தாய் ஸ்வி தன்னை மேசியா, அதாவது யூதர்கள் காத்திருந்த மீட்பர், என்று அறிவித்தார். யேமன் முதல் ஆம்ஸ்டர்டாம்வரை யூத உலகம் கொந்தளித்தது. வீட்டை விற்றவர்கள் உண்டு, கடையை மூடிவிட்டு மூட்டை கட்டியவர்கள் உண்டு. துருக்கிய அரசு அவரைப் பிடித்துக் கல்லிபோலிக் கோட்டையில் வைத்தது. இயக்கம் அடங்கியதா? போலந்திலிருந்தெல்லாம் ஆட்கள் கப்பல் ஏறி வந்தார்கள். காவலர்கள் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். சிறைக்கு 'பலத்த கோபுரம்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே அரசவை மாதிரி விருந்தும் காணிக்கையும் நடந்தன. ஜெருசலேம் கோவில் இடிந்த துக்க நாளான ஆவ் மாதம் 9-ஆம் தேதி உபவாசத்தை ரத்து செய்து, அதைத் தன் பிறந்தநாள் விழாவாக ஆக்கினார். செப்டம்பரில் சுல்தான் முன் நிறுத்தப்பட்டார். தலைப்பாகை கட்டிக்கொண்டு முஸ்லிம் ஆகி வெளியே வந்தார்.

எல்லோரும் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலோர் போனார்கள், அழுதுகொண்டு. ஆனால் காஸாவின் நாதன் என்ற அவருடைய தீர்க்கதரிசி விளக்கம் கொடுத்தார். இருளில் சிக்கிய ஒளிப்பொறிகளை மீட்க மேசியா இருளுக்குள்ளேயே இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு பகுதியினர் அதை ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் சலோனிக்காவில் சில நூறு குடும்பங்கள் அவரைப் போலவே மதம் மாறி, வெளியே முஸ்லிமாகவும் உள்ளே அவர் அடியார்களாகவும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இழிவை ஏற்பதே மீட்பு என்ற தர்க்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

ஆக, சிறைக்கு வெளியே கூட்டம் நிற்கிறது என்பதை வைத்து உள்ளே இருப்பவரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. உத்தமருக்கும் நிற்கும், மற்றவருக்கும் நிற்கும். நான் பார்ப்பது வேறு ஒன்றை: உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவர்களிடம் என்ன கேட்டார்? அகிவா எதுவும் கேட்கவில்லை, கேட்டவனுக்குப் பதில் கொடுத்தார். ஷ்னேயூர் சல்மான் பணிவைக் கேட்டார். யோசெஃப் யிட்ஸ்ஹாக் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். ஷபத்தாய் காணிக்கை வாங்கினார். பெர்லாண்ட் வழக்கில் நோயாளிகளின் பணமும் நம்பிக்கையும் கேட்கப்பட்டன.

கேட்காமல் இருப்பதற்கு ஒருவர் எவ்வளவு விலை கொடுக்க முடியும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு கதை இருக்கிறது. ரோதன்புர்க் ரபி மெயிர் அவர் காலத்தின் மிகப் பெரிய சட்ட அறிஞர். அரசனின் நெருக்கடி தாங்காமல் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பியவர் 1286-இல் வழியில் பிடிபட்டார். ஹப்ஸ்பர்க் அரசன் ருடால்ஃப் அவரைச் சிறையில் வைத்து, விடுவிக்க யூத சமூகத்திடம் பெரும் தொகை கேட்டான். சிறைப்பட்டவரை மீட்பது யூத அறத்தில் மிக உயர்ந்த கடமை. தோராச் சுருளை விற்றுக்கூட மீட்கலாம் என்பார்கள். சமூகம் பணம் திரட்ட முன்வந்தது. மெயிர் வேண்டாம் என்றார். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு விதி இருக்கிறது: சிறைப்பட்டவரை அவர் மதிப்புக்கு மேல் விலை கொடுத்து மீட்கக் கூடாது. கொடுத்தால் நாளைக்கு இன்னொரு ரபியைப் பிடிப்பார்கள், அப்புறம் இன்னொருவரை. தன்னை நேசித்தவர்கள் தனக்காகக் கொடுப்பதைத் தடுத்துவிட்டு அவர் உள்ளேயே இருந்தார். சீடர்கள் வந்து போக அனுமதி இருந்தது. சிறையிலிருந்தே கேள்விகளுக்குப் பதில் எழுதினார். ஏழு ஆண்டு கழித்து, 1293-இல், என்சிஸ்ஹைம் கோட்டையில் இறந்தார்.

உடலையும் தரவில்லை. அதற்கும் விலை. 14 ஆண்டு அந்த உடல் கோட்டையிலேயே இருந்தது. 1307-இல் ஃபிராங்க்ஃபர்ட் வணிகர் அலெக்சாண்டர் விம்ஃபென் தன் சொத்தையெல்லாம் கொடுத்து அதை மீட்டு வோர்ம்ஸ் நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான், தன்னை அந்த ரபியின் பக்கத்தில் புதைக்க வேண்டும். சீக்கிரமே அவரும் இறந்தார். வோர்ம்ஸின் பழைய யூத இடுகாட்டில் இரண்டு நடுகற்களும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. போகிறவர்கள் இரண்டின் தலையிலும் கூழாங்கல் வைக்கிறார்கள், கல்லுக்கு அடியில் மடித்த துண்டுச் சீட்டுகளைச் செருகிவிட்டுத் திரும்புகிறார்கள்.